பனியிடைச் சிறைப்பட்ட கப்பலின் அன்றாட வாழ்வு

முல்லைத்தீவுக் கரையிலே பனிக்கட்டி என்றால் மீன்பெட்டிகளில் இடும் ஐஸ் துண்டுகளே நம் நினைவுக்கு வரும். வாடையின் கொந்தளிப்பையும் சோளகத்தின் புழுதியையும் அறிந்த வன்னி மக்களுக்கு, கடலே பாறையாக இறுகிவிட, அதன் நடுவே ஒரு கப்பல் ஏறக்குறைய மூன்று வருடகாலம் பனியின் போக்கிலேயே மிதந்து சென்றதென்பது புராணக் கதையாகத் தோன்றக்கூடும். ஆயினும் அது சரித்திரம். கப்பலின் பெயர் ‘ஃபிராம்’. அதனை நடத்தியவர் நோர்வே தேசத்து விஞ்ஞானியாகிய பிரிட்ஜோஃப் நான்சன்.

உப்புக் கரைந்திருத்தலால் கடல்நீர் பூச்சியப் பாகையில் உறைவதில்லை. ஏறக்குறைய மறை 1.8 பாகை செல்சியஸிலேயே உறையத் தொடங்கும். வடதுருவ சமுத்திரத்தில் அவ்வாறு உறைந்த பனிப்பாளங்கள் காற்றினாலும் நீரோட்டத்தினாலும் உந்தப்பட்டு ஒன்றோடொன்று மோதி நெரியும்போது, இடையில் அகப்பட்ட மரக்கலம் நொறுங்கிப்போவதே வழக்கம். ‘ஜெனெற்’ என்னும் அமெரிக்கக் கப்பல் 1881 இல் சைபீரியாவுக்கு வடக்கே இவ்விதமே அழிந்தது. மூன்று வருடங்களின் பின், அதன் பொருள்கள் சில கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கிக் கிடக்கக் கண்டார்கள். பலர் அதனை ஒரு விபத்தின் மிச்சமாகக் கருதியிருக்க, நான்சனோ சைபீரியாவிலிருந்து கிரீன்லாந்து நோக்கி ஒரு நீரோட்டம் செல்லுகிறதென்றும், நொறுங்காத கப்பலொன்றை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டால் அவ்வோட்டமே அதனைச் சுமந்து செல்லுமென்றும் துணிந்தார். அனுபவம் மிக்க துருவ யாத்திரிகர் பலர் இதனைப் புத்தியீனம் என்றனர்.

கப்பலை அமைத்தவர் கொலின் ஆர்ச்சர். ஏறக்குறைய 39 மீற்றர் நீளத்துக்கு 11 மீற்றர் அகலம் என்பது பார்வைக்கு அழகன்று. ஆனால் அழகு அங்கு வேண்டப்படவில்லை. பக்கச் சுவர்கள் 60 முதல் 70 சென்ரிமீற்றர் கனமுடையனவாக மரத்தினால் அடுக்கப்பட்டு, வெளிப்புறம் கிறீன்ஹார்ட் என்னும் வைரமரத்தால் போர்த்தப்பட்டன. அடிப்பகுதி கூர்மையின்றி உருண்டிருந்தது. மாம்பழக் கொட்டையை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் அது வழுக்கி மேலெழுவதுபோல, பனி நெருக்க நெருக்கக் கப்பல் நசுங்காது மேலே கிளம்பவேண்டுமென்பதே அவ்வடிவத்தின் நோக்கம். சுக்கானையும் உந்துவிசிறியையும் கிணறுபோன்ற குழிகளினூடே உள்ளே தூக்கிவிடவும் வழி செய்திருந்தார்கள்.

குளிருக்குக் காப்பாகச் சுவர்களிலும் தளங்களிலும் தக்கை, கம்பளி, கலைமான் மயிர், லினோலியம் முதலியன படைபடையாக வைக்கப்பட்டன. வெளியே வெப்பம் மறை 40 பாகைக்குங் கீழே இறங்கிய நாட்களிலும் உள்ளே ஈரங்கசியாத உறைவிடம் கிடைத்தது. மேற்றளத்திலே நின்ற காற்றாலை ஒரு டைனமோவைச் சுழற்ற, மாதக்கணக்கில் நீளும் துருவ இரவிலே மின்விளக்கு எரிந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நம்மவர்க்கு அவ்வொளியின் அருமையைப் பிறர் சொல்லி விளக்கவேண்டுவதில்லை.

1893 ஜூனில் நோர்வேயில் பயணத்தைத் தொடங்கிய ஃபிராம், செப்டெம்பர் இறுதியில் பனியிடை உறைந்தது. அதிலிருந்தோர் பதின்மூவர். காலை எட்டு மணிக்கு எழுதல், ஒரு மணிக்குப் பகலுணவு, ஆறு மணிக்கு இராவுணவு என நாள் வகுக்கப்பட்டிருந்தது. சூரியன் எழாத தேசத்திலே மணிக்கூடே சூரியனாயிற்று. அவர்களுள் ஸ்கொட் ஹான்சன் என்பவர் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை காற்றையும் வெப்பத்தையும் குறித்தார். வைத்தியர் பிளெசிங் மாதந்தோறும் ஒவ்வொருவரையும் நிறுத்து, இரத்தத்தையும் பரிசோதித்தார். பழைய கடற்பனியில் உப்பு வடிந்துபோவதால், அதனை வெட்டிவந்து உருக்கிக் குடிநீராக்கினர். பலவகை ஆகாரமும் வெண்கரடியின் புதிய இறைச்சியும் இருந்தமையால், முந்திய பயணங்களில் பலரைப் பலிகொண்ட ஸ்கேர்வி நோய் ஒருவரையும் அணுகவில்லை.

தேகத்தைக் காத்தல் பாதி வேலைதான்; சித்தத்தைக் காத்தலே கடினம். ஒரே முகங்களும் ஒரே சுவர்களும் முடிவறியாத காத்திருப்பும் மனிதரைச் சினங்கொள்ளவும் சோரவும் செய்யும். தலைவரும் மாலுமிகளும் ஒரே மேசையில் ஒரே உணவை உண்டமை, நூலகமும் இசைக்கருவியும், தாமே எழுதி வாசித்த சிறு பத்திரிகை, யாவற்றினும் மேலாக ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு வேலை இருந்தமை ஆகியனவே அச்சோர்வுக்கு மருந்தாயின. 1895 ஜனவரியிலே நெரிந்தெழுந்த பனிமேடொன்று கப்பலின் பக்கமாக ஏறிவந்தபோது, அவர்கள் உணவையும் படகுகளையும் பனிமேல் இறக்கி, கப்பலைக் கைவிடவும் ஆயத்தமாயினர். நெருக்கம் தணிந்தது, கப்பல் நொறுங்காது தப்பியது.

அவ்வாண்டு மார்ச்சிலே நான்சனும் குழுவினருள் ஒருவராகிய ஜோஹான்சனும் நாய்வண்டிகளோடு துருவம் நோக்கிச் சென்று, வட அகலக்கோடு 86 பாகையைக் கடந்து திரும்பினார்கள். 1896 ஓகஸ்ட் 13 அன்று அவர்கள் நோர்வேக் கரையை அடைந்த அதே நாளில், கப்டன் ஸ்வேர்ட்றப் நடத்திய ஃபிராமும் பனியிலிருந்து விடுபட்டது. பதின்மூவரும் உயிரோடு வீடு சேர்ந்தனர். வடதுருவ சமுத்திரம் ஆழமற்றதென்ற பழைய அபிப்பிராயம் பொய்த்து, அதன் ஆழம் 3,000 மீற்றருக்கும் மிகையென்பது தெளிவாயிற்று. பனி காற்றின் திசையிலன்றி அதற்கு வலப்புறமாக ஒதுங்கிச் செல்வதை அவர்கள் குறித்துவைத்ததிலிருந்தே, எக்மான் என்னும் அறிஞர் கடலோட்டங்கள் பற்றிய தமது புகழ்பெற்ற விளக்கத்தை உருவாக்கினார்.

இதனோடு ஒப்பிட்டால், 1915 இல் தென்துருவக் கடலில் அகப்பட்ட, ஷாக்கிள்டன் என்னும் துருவ யாத்திரிகரின் ‘எண்டியூரன்ஸ்’ உறுதியான கப்பலே. ஆயினும் பனி நெரிக்கும்போது மேலெழும் வடிவம் அதற்கில்லாமையால் நொறுங்கி அமிழ்ந்தது. அதிலிருந்த இருபத்தெண்மரும் பிழைத்தது மனிதர் கட்டுப்பாட்டின் வெற்றி. 2019 முதல் 2020 வரை ஜெர்மானியக் கப்பலாகிய ‘போலார்ஸ்ரேர்ன்’ நான்சனின் உபாயத்தையே கைக்கொண்டு, பல தேச விஞ்ஞானிகளோடு பனியோடு மிதந்தது. எதிர்த்து வெல்லமுடியாத சக்தியோடு இசைந்து செல்லும் அமைப்பும், அடைபட்ட இடத்திலும் நாளை வீணாக்காத ஒழுங்கும் ஒருங்கே வாய்த்தமையே ஃபிராமின் வெற்றிக்குக் காரணம். இயந்திரக் கல்வி பயிலும் நம் இளைஞர் இவ்விரண்டையும் ஒரே பாடமாகக் கற்றல் வேண்டும்.