செம்புக் குழாய் வெட்டும் கைக்கருவி

பழுது பார்த்துச் சீராக்கப்பட்ட குளிர்சாதனப் பெட்டி ஒன்று சில மாதங்களுக்குள் மீண்டும் குளிர்ச்சி குன்றுமாயின், அதன் காரணத்தை இயந்திரப் பகுதியில் தேடுவதே வழக்கம். ஆயினும், காரணம் சில சமயங்களில் மிக எளியதோர் இடத்தில் அமைந்திருக்கும். அவ்விடம் குழாய் வெட்டப்பட்ட முனையாகும். சாய்வான வெட்டு, நீக்கப்படாத பிசிறு, உள்ளே விழுந்த உலோகத் துகள் ஆகிய மூன்றும் சிறியனவாகத் தோன்றினும், முழுச் சாதனத்தையும் பயனற்றதாக்க வல்லவை.

இக்குறை வீட்டுச் சாதனங்களோடு நின்றுவிடுவதன்று. 1985-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 பாகை சென்டிகிரேடு வரையுள்ள வெப்பநிலையில் வைத்துக் காக்கப்படுகின்றன. வெப்பம் மிகுந்தால் மருந்து வீரியம் இழக்கும். மருந்துகளுள் சில, உறைந்துபோனாலும் கெடும். இவற்றை வைத்திருக்கும் பெட்டிகளில் குளிரூட்டும் வாயு செல்லும் வழிகள் பலவும் செம்புக் குழாயால் ஆனவை. இணைப்பு ஒன்றில் வாயு கசியுமாயின், நட்டம் பெட்டியோடு முடிவதில்லை. மருந்துக்காகக் காத்திருக்கும் குழந்தைகளையும் அது சாரும். எனவே, குழாயைச் செம்மையாக வெட்டும் முறையைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் அவசியமாகும். இதற்கென அமைந்த கைக்கருவியில் ஆப்பு, திருகு, உருளை ஆகிய எளிய பொறிகள் ஒருங்கே வேலை செய்வதால், ஆசிரியருக்கும் இது பயன்படும் பொருளே.

கருவியின் அமைப்பு

மெக்கானிக்குகள் டியூப் கட்டர் என வழங்கும் இக்கருவி உள்ளங்கையில் அடங்கக் கூடியது. கொக்கி போல் வளைந்த ஓர் உலோகச் சட்டம் இதன் உடலாகும். சட்டத்தின் ஒருபுறத்தில் தடையின்றிச் சுழலும் இரண்டு உருளைகள் உள்ளன. அவற்றிற்கு எதிர்ப்புறத்தில், கடினப்படுத்தப்பட்ட எஃகினாலான சிறிய வெட்டுச் சக்கரம் ஒன்று அமைந்திருக்கிறது. சக்கரத்தின் விளிம்பு ஆப்பைப் போல் கூர்மையாகத் தீட்டப்பட்டிருக்கும். திருகுப் பிடியைத் திருகினால் சக்கரமும் உருளைகளும் ஒன்றையொன்று நெருங்கி, இடையிலுள்ள குழாயை இறுகப் பற்றும். பல கருவிகளில் முக்கோண வடிவான சுரண்டுதகடு ஒன்றும் மடக்கி வைக்கப்பட்டிருக்கும். அதன் பயன் பின்னர்க் கூறப்படும்.

சக்கரமும் இரு உருளைகளும் குழாயை மூன்று இடங்களில் தொடுகின்றன. இம்மூன்றின் அச்சுகளும் குழாயின் அச்சுக்கு இணையாக இருப்பதால், சக்கரத்தின் விளிம்பு குழாய்க்கு நேர்செங்குத்தான தளத்திலேயே செல்லும். அது வரையும் கோடு குழாயைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே மீண்டும் சேரும். கைத்திறனை மட்டுமே நம்பியுள்ள ரம்ப வெட்டில் இந்த நேர்மையைப் பெறுவது கடினம்.

உருளைகளில் குறுகிய வரிப்பள்ளம் வெட்டப்பட்ட கருவிகளும் உண்டு. விரிந்த வாய் வெடித்துப்போன குழாயில், அவ்வாய் பள்ளத்தினுள் அமையுமாறு வைத்து, வெடித்த பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். குழாயின் நீளம் வீணாவது இதனால் குறையும்.

வெட்டு நிகழும் முறை

ரம்பத்தின் ஒவ்வொரு பல்லும் உலோகத்தில் ஒரு துணுக்கைப் பெயர்த்து வெளியேற்றுகிறது. வெட்டுச் சக்கரமோ செம்பை அகற்றுவதில்லை. அதனை இருபுறமும் ஒதுக்குகிறது. சக்கரம் சுற்றி வருந்தோறும் பள்ளம் ஆழமாகி, இறுதியில் குழாயின் சுவர் அற்றுப் பிரிகிறது. துகள் உண்டாகாமை இம்முறையின் தலையாய நன்மையாகும். ஆனால் ஒதுக்கப்பட்ட செம்பு எங்கேனும் போய்ச் சேரவேண்டும். அதில் ஒரு பங்கு குழாயின் உட்புறம் திரண்டு விளிம்பாக நிற்கிறது. இக்கருவியின் நன்மையும் தீமையும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை என்பது இதனால் விளங்கும்.

விரலால் திருகும் சிறு விசை உலோகத்தைப் பிளக்கும் பெருவிசையாக மாறுவது திருகாணியினால் ஆகும். எடுத்துக்காட்டாக, திருகுப் பிடியின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்றும், ஒரு முழுச் சுற்றுக்குத் திருகாணி 1 மில்லிமீட்டர் முன்னேறுகிறது என்றும் கொள்வோம். விரல் ஏறக்குறைய 78 மில்லிமீட்டர் நகரும்போது சக்கரம் 1 மில்லிமீட்டரே நகர்கிறது. உராய்வே இல்லையெனில் விசை 78 மடங்காகும். உண்மையில் உராய்வு இதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். எனினும், அவ்வுராய்வே திருகாணி தானாகப் பின்வாங்காமல் நிற்பதற்கும் காரணமாகிறது. எஞ்சிய விசை சக்கரத்தின் மெல்லிய விளிம்பில் குவிவதால் செம்பு இணங்கிக் கொடுக்கிறது.

வெட்டவேண்டிய முறை

முதலில் குழாயின் அப்பகுதி நேராகவும் வட்டமாகவும் இருத்தல் வேண்டும். வளைவிலும் நசுங்கிய இடத்திலும் வெட்டலாகாது. அளந்து குறித்த கோட்டின்மீது சக்கரத்தை வைத்து, அது குழாயைத் தொடும் அளவிற்கு மட்டும் திருக வேண்டும். அந்நிலையில் கருவியைக் குழாயைச் சுற்றி ஒருமுறை முழுதாகச் சுழற்றி, கோடு புறப்பட்ட இடத்தில் வந்து சேர்கிறதா எனப் பார்க்க வேண்டும். சேர்ந்தால் தொடரலாம்.

அதன்பின் கால் சுற்றுத் திருகுவதும், கருவியை ஓரிரு முறை சுழற்றுவதும் மாறிமாறி நடைபெற வேண்டும். முன் கூறிய எடுத்துக்காட்டில் கால் சுற்று என்பது கால் மில்லிமீட்டர் ஆகும். குளிர்சாதன வேலையில் பயன்படும் 9.52 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் சுவர் சுமார் 0.81 மில்லிமீட்டர் கனமே உடையது. ஆகவே, நான்கைந்து முறை திருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். இதனை விரைவுபடுத்தக் கருதி ஒரேயடியாக இறுக்குவோர் மிச்சம் பிடிக்கும் நேரம் சில விநாடிகளே. அதனால் குழாய் வட்டம் கெட்டு நசுங்குவதும், உட்புற விளிம்பு பெரிதாவதும், சக்கரத்தின் கூர் உடைவதும் நேரும்.

பிசிறு நீக்குதல்

வெட்டு முடிந்ததும் வேலை முடிந்ததாக எண்ணுதல் தவறு. 6.35 மில்லிமீட்டர் விட்டமும் 0.76 மில்லிமீட்டர் சுவர்க் கனமும் உள்ள குழாயின் உள்விட்டம் 4.83 மில்லிமீட்டர் ஆகும். உட்புற விளிம்பு சுற்றிலும் அரை மில்லிமீட்டர் நீண்டிருப்பின், வழியின் விட்டம் 3.83 மில்லிமீட்டராகக் குறையும். பரப்பளவைக் கணக்கிட்டால், நூற்றுக்கு ஏறக்குறைய 37 பங்கு அடைபட்டிருப்பது தெரியவரும். அவ்விடத்தில் வாயுவின் ஓட்டம் தடைப்பட்டுச் சுழிப்புகள் உண்டாகும்.

இவ்விளிம்பை நீக்குவதற்கே சுரண்டுதகடு தரப்பட்டுள்ளது. அதனைப் பயன்படுத்தும்போது குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தல் வேண்டும். சுரண்டிய செம்பு தரையில் விழுமேயன்றி உள்ளே செல்லாது. வெட்டில் துகள் உண்டாகாமற் காத்து, பிசிறு நீக்கும்போது அதனை உள்ளே விழவிடுவோமாயின் கருவியால் பெற்ற பயன் முழுதும் வீணாகும். பிசிறு நீங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் சுரண்டினால் விளிம்பு மெலிந்து, வாய் விரிக்கும்போது கிழிந்துவிடும். அடுத்த வேலை உடனே தொடங்கப்படாவிடில் குழாயின் வாயை மூடிவைக்க வேண்டும். உட்புகும் காற்றிலுள்ள ஈரம் பின்னர் நுண்குழாயில் பனியாக உறைந்து வழியை அடைக்கக்கூடும்.

குறைகளும் காரணங்களும்

கோடு புறப்பட்ட இடத்தில் சேராமல் திருகுப் புரிபோல் ஓடினால், சக்கரத்தின் அச்சாணி தளர்ந்தோ உருளைகள் தேய்ந்தோ இருக்கும். பலமுறை சுழற்றியும் குழாய் பிரியாவிடில் சக்கரம் மழுங்கியிருக்கும். மழுங்கிய சக்கரத்தால் மேன்மேலும் அழுத்துவது வீண் உழைப்பு மட்டுமன்று. செம்பு மீண்டும் மீண்டும் அழுத்தப்படின் கெட்டிப்படும் இயல்புடையது. அவ்வாறு கெட்டிப்பட்ட முனையை 45 பாகைச் சாய்வில் விரிக்கும்போது வெடிப்பு உண்டாகலாம். செம்புக்கென வைத்த சக்கரத்தை எஃகுக் குழாயில் பயன்படுத்தலாகாது. சக்கரம் விலை மலிந்த உறுப்பு, தனியே மாற்றக்கூடியது. அதனை உரிய காலத்தில் மாற்றாமல் கசியும் இணைப்பைப் பெறுதல் சிக்கனம் ஆகாது.

கருவி பொருந்தாத இடங்கள்

குளிர்சாதனப் பெட்டியிலுள்ள நுண்குழாயின் துளை ஏறக்குறைய 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆகும். இதனைச் சாதாரண வெட்டுச் சக்கரத்தால் அழுத்தினால் துளையே மூடிவிடும். மெல்லிய அரத்தால் சுற்றிலும் கீறி, மெதுவாக இப்படியும் அப்படியும் வளைத்து முறிப்பதே இதற்குரிய வழி.

வெட்டுக்கருவி கைவசம் இல்லாத நிலையில் ரம்பத்தையே நாட வேண்டியிருப்பின், அங்குலத்திற்கு 32 பற்கள் கொண்ட நுண்பல் ரம்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெட்டும் முனை கீழ்நோக்கி இருக்கும்படி குழாயைப் பிடித்து அறுத்து, அரத்தால் முனையைச் சமமாக்கி, உட்புறத்தை நன்கு துடைத்த பின்னரே இணைக்க வேண்டும்.

தீயைப் பற்றிய எச்சரிக்கை

இக்காலத்துக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் வாயு உள்ளது. இது காற்றில் நூற்றுக்கு 1.8 பங்கு கலந்தாலே தீப்பற்றும் தன்மையுடையது. இத்தகைய பெட்டியின் குழாயைத் தீச்சுடரால் உருக்கித் திறப்பது பேராபத்தாகும். மின்சாரத்தைத் துண்டித்து, அறையில் காற்றோட்டம் ஏற்படுத்தி, வாயுவை உரிய முறைப்படி வெளியேற்றிய பின், தீப்பொறியோ வெப்பமோ உண்டாக்காத வெட்டுச் சக்கரத்தால் குழாயைத் திறத்தல் வேண்டும். எண்ணெயில் கரைந்துள்ள வாயு அதன்பின்னும் எஞ்சியிருக்கும். எனவே, உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்திக் குழாயைத் தூய்மை செய்யாமல் பற்றவைப்புச் சுடரை அருகே கொணரலாகாது. நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜனை ஒருபோதும் செலுத்தலாகாது. எண்ணெயுடன் சேர்ந்து அது வெடிக்கக்கூடும்.

வகுப்பில் செய்து காட்டல்

12.7 மில்லிமீட்டர் விட்டமும் 0.81 மில்லிமீட்டர் சுவர்க் கனமும் உள்ள செம்புக் குழாயில், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு துண்டுகளை ஆசிரியர் எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 27 கிராம் எடை இருக்கும். இரண்டையும் தனித்தனியே நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை வெட்டுச் சக்கரத்தாலும் மற்றொன்றை ரம்பத்தாலும் இரண்டாக்கி, பிசிறு நீக்காமல் மீண்டும் நிறுக்கச் செய்க. சக்கரத்தால் வெட்டிய துண்டுகளின் மொத்த எடையில் பள்ளித் தராசு காட்டத்தக்க குறைவு இராது. ரம்பத்தால் அறுத்தவற்றில் கால் கிராமுக்குச் சற்று மேற்பட்ட குறைவு காணப்படும். ரம்பம் சுமார் 1 மில்லிமீட்டர் அகலத்திற்குச் செம்பைத் தூளாக்கிவிட்டது என்பதும், அது 100 மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்பதும் மாணவர்களுக்கு எளிதில் புலப்படும்.

செம்புக் குழாய் கிடைக்காத பள்ளியில் ஈரக் களிமண் உருளை ஒன்று போதும். அதனை மேசைமீது வைத்து, மேலே மழுங்கிய கத்தியை அழுத்தி உருட்டினால், பள்ளம் ஆழமாவதையும் இருபுறமும் மண் கரைபோல் எழுவதையும் காணலாம்.

தராசு காட்டிய அந்தக் கால் கிராம் தூள் எங்கே போயிற்று என்று ஆசிரியர் இறுதியாக வினவலாம். வகுப்பறையில் அது மேசைமீது கிடக்கிறது. சுகாதார நிலையத்தின் குளிர்சாதனப் பெட்டியிலாயின், அது குழாயினுள் சென்று, வாயுவோடும் எண்ணெயோடும் சுற்றி, 1 மில்லிமீட்டர் துளையை அடைக்கவோ கம்ப்ரெஸரின் உறுப்புகளைத் தேய்க்கவோ கூடும். சிறிது சிறிதாகத் திருகுதல், பிசிறு நீக்குதல், வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தல் ஆகிய மூன்று பழக்கங்களும் எதற்காக என்பதை அதன்பின் எவருக்கும் தனியே விளக்க வேண்டியதில்லை.