நிறுவனங்களில் நிகழும் பாலியல் வன்முறையும் உரிமையியல் தீர்வுகளும்: சிங்கப்பூர்ச் சட்டச் சூழல்

முன்னுரை

சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியிலும் துணைப்பாட நிலையத்திலும் சமய வகுப்பிலும் நடனப் பள்ளியிலும் பல மணி நேரம் பிறர் பொறுப்பில் இருக்கின்றனர். லிட்டில் இந்தியா வட்டாரமாயினும் ஈசூன், ஜூரோங் முதலிய குடியிருப்புப் பேட்டைகளாயினும் இந்நிலை ஒன்றே. குருவைத் தெய்வத்திற்கு அடுத்து வைத்துப் போற்றும் நம் மரபில், அப்பொறுப்பு முழு நம்பிக்கையோடு ஒப்படைக்கப்படுகிறது. அந்நம்பிக்கை சிதைக்கப்படும் நிகழ்வுகள் தமிழர் வாழ்வுக்குப் புதியன அல்ல. இலங்கையின் மாத்தளையிலிருந்து வந்து தமிழ்நாட்டில் ஆசிரமம் அமைத்த பிரேமானந்தா, அங்கு வாழ்ந்த பெண்களுக்கு இழைத்த பாலியல் கொடுமைக்காகவும் கொலைக்காகவும் 1997ஆம் ஆண்டு புதுக்கோட்டை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். இந்திய உச்ச நீதிமன்றம் 2005இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

இத்தகைய நிகழ்வுகளில் குற்றவாளிக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றியே நாம் பெரிதும் பேசுகிறோம். பாதிக்கப்பட்டவரின் இழப்பை ஈடுசெய்யும் கடமை எவருக்கு உண்டு என்னும் வினாவை எழுப்புவது குறைவு. அவ்வினாவிற்குச் சிங்கப்பூர்ச் சட்டம் தரும் விடையை இக்கட்டுரையில் காண்போம். உரிமையியல் வழி இங்கு உண்டு. ஆயினும் அது காலத்தால் அடைபடும் வழி என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

குற்றவியலும் உரிமையியலும்

குற்றவியல் வழக்கை அரசு நடத்துகிறது. நியாயமான ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். உரிமையியல் வழக்கைப் பாதிக்கப்பட்டவரே தொடுக்கிறார். நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். ஆகவே குற்றவியல் வழக்கில் ஒருவர் விடுதலை பெற்றார் என்பதனால் மட்டும் உரிமையியல் வழி அடைபட்டுவிடாது. மாறாக, தண்டனை கிடைத்திருப்பின் அத்தீர்ப்பையே உரிமையியல் வழக்கில் சான்றாக முன்வைக்கச் சான்றுச் சட்டத்தின் 45அ பிரிவு இடமளிக்கிறது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவின்படி, தண்டனை வழங்கும் நீதிமன்றமே குற்றவாளி இழப்பீடு தருமாறு ஆணையிடலாம். தனி வழக்கின் செலவும் அலைச்சலும் இதில் இல்லை. ஆனால் இவ்வாணை தண்டிக்கப்பட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். அவரைப் பணியமர்த்திய நிறுவனத்தை அது தொடாது. குற்றவாளி கையில் பொருளில்லாதவராயின் ஆணை பயனற்றுப் போகும்.

தொல்லை இன்னும் தொடர்கிறது என்றால், 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு ஆணையும் இழப்பீடும் கோரலாம். இதற்கெனத் தனி நீதிமன்றம் 2021 முதல் இயங்கிவருகிறது.

நிறுவனத்தின் பொறுப்பு

நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க இரண்டு அடிப்படைகள் உள்ளன. முதலாவது, நிறுவனத்தின் சொந்தக் கவனக்குறைவு. பணியாளரின் பின்னணியை ஆராயாமை, முறையீடு வந்தபின்னும் அவரைப் பிள்ளைகளிடையே விட்டுவைத்தமை போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது, பணியாளரின் தீச்செயலுக்கு நிறுவனம் ஏற்க வேண்டிய சார்புப் பொறுப்பு. இதில் நிறுவனம் தானே தவறிழைத்தது என்று காட்ட வேண்டியதில்லை.

இவ்விரண்டாம் அடிப்படையின் வளர்ச்சி அறியத்தக்கது. இங்கிலாந்தில் ஒரு பள்ளி விடுதியின் காப்பாளர் 1979 முதல் 1982 வரை அங்கிருந்த சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார். நிர்வாகம் கவனக்குறைவாக இருந்ததாக நீதிமன்றம் கருதவில்லை. எனினும் பிரபுக்கள் சபை 2001இல் நிர்வாகமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சிறுவர்களைப் பேணும் பணியை நிர்வாகம் காப்பாளரிடம் ஒப்படைத்தது. அப்பணியோடு நெருங்கிய தொடர்புடையதாகவே அவரது குற்றம் நிகழ்ந்தது என்பது அதன் காரணம்.

இந்த 'நெருங்கிய தொடர்பு' அளவுகோல் சிங்கப்பூருக்கு ஒரு வங்கி மோசடி வழக்கின் வழியாக வந்தது. ஏஷியா பசிபிக் புருவரீஸ் நிறுவனத்தின் நிதி மேலாளர் வங்கிகளை ஏமாற்றிய வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் இவ்வளவுகோலை ஏற்றுக்கொண்டது; எனினும் அவ்வழக்கில் நிறுவனம் பொறுப்பாகாது என முடிவுசெய்தது. 2017இல் வந்த மற்றொரு தீர்ப்பில், முதலில் இருதரப்பினரின் உறவையும் பின்னர்ச் செயலுக்கும் அவ்வுறவுக்கும் உள்ள தொடர்பையும் ஆராய வேண்டும் என்று அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பணியமர்த்தலை ஒத்த உறவும் இதில் அடங்கக்கூடும். ஆகவே ஊதியம் பெறாத தொண்டூழியர், சமயப் பணியாளர் ஆகியோரின் செயலுக்கும் நிறுவனம் பொறுப்பாக நேரிடலாம்.

அரசுப் பள்ளியாயின் வழக்கு அரசாங்க நடவடிக்கைகள் சட்டத்தின்படி தலைமைச் சட்ட அதிகாரியின் மீது தொடுக்கப்படும். இழப்பீட்டுத் தொகை 60,000 வெள்ளிவரையாயின் மாஜிஸ்திரேட் நீதிமன்றமும், 250,000 வெள்ளிவரையாயின் மாவட்ட நீதிமன்றமும், அதற்கு மேற்படின் உயர் நீதிமன்றமும் விசாரிக்கும்.

காலவரம்பு

இனி, சிக்கலின் மையத்திற்கு வருவோம். 2022ஆம் ஆண்டு மே மாதம், சிங்கப்பூரில் ஒரு கத்தோலிக்கத் துறவற சபை உறுப்பினர் பதின்ம வயது மாணவர் இருவருக்கு இழைத்த பாலியல் குற்றங்களுக்காக 5 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். குற்றங்கள் நிகழ்ந்தவை 2005க்கும் 2007க்கும் இடையில். ஏறத்தாழ 15 ஆண்டு கடந்தும் தண்டிக்க முடிந்ததற்குக் காரணம், இத்தகைய குற்றங்களுக்குக் குற்றவியல் சட்டம் காலவரம்பு விதிக்காமையே.

உரிமையியல் சட்டம் அவ்வாறன்று. 1959ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கவனக்குறைவால் நேர்ந்த உடல், உளத் தீங்குக்குரிய வழக்கைத் தீங்கு நேர்ந்த நாளிலிருந்தோ அதனை அறிந்த நாளிலிருந்தோ 3 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். 15 ஆண்டு என்னும் மேல்வரம்பும் உண்டு. பாதிக்கப்பட்டவர் சிறாராயின், உரிய வயதை அடையும்வரை காலம் ஓடத் தொடங்காது. வழக்கிடும் உரிமை மோசடியால் மறைக்கப்பட்டிருப்பின் அதற்கும் விலக்கு உண்டு. ஆனால் இங்கிலாந்தில் உள்ளதுபோல் நியாயம் கருதிக் கெடுவைத் தளர்த்தும் பொதுவான அதிகாரம் சிங்கப்பூர் நீதிமன்றத்திற்கு இல்லை.

சிறுவயதுக் கொடுமையை ஒருவர் வாய்திறந்து கூறப் பல்லாண்டு ஆகக்கூடும். அதனை உணர்ந்தே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015இல் இத்தகைய வழக்குகளுக்குக் காலவரம்பை நீக்கியது. இங்கிலாந்தின் விசாரணை ஆணையமும் 2022இல் அவ்வாறே பரிந்துரைத்தது. சிங்கப்பூரிலும் இம்மாற்றம் ஆராயப்பட வேண்டும் என்பது எம் கருத்து.

குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருப்போர் உரிமையியல் கெடுவைத் தவறவிடும் இடர் உள்ளது. கெடுவுக்குள் வழக்கைப் பதிந்துவிட்டு, குற்றவியல் விசாரணை முடியும்வரை அதனை நிறுத்திவைக்குமாறு நீதிமன்றத்தை வேண்டலாம்.

உதவி பெறும் வழிகள்

வருமானம் குறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சட்ட அமைச்சின் சட்ட உதவிப் பிரிவு உரிமையியல் வழக்குகளில் துணைபுரிகிறது. வேலை அனுமதியில் வந்துள்ள இல்லப் பணிப்பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இவ்வுதவி கிட்டாது. அவர்கள் தொண்டு நிறுவனங்களையும் இலவசச் சட்ட ஆலோசனை அமர்வுகளையும் நாட வேண்டியுள்ளது. அவேர் அமைப்பின் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையம் உளத்துணையும் சட்டத் தகவலும் வழங்குகிறது.

முடிவுரை

பிள்ளையின் சொல்லை முதலில் கேட்பவர் பல வேளைகளில் ஆசிரியராகவே இருப்பார். தாய்மொழி வகுப்பில் வீட்டுப் பேச்சு இயல்பாக எழுவதால், தமிழாசிரியருக்கு இவ்வாய்ப்பு மிகுதி. அவர் தாமே விசாரணை நடத்த வேண்டியதில்லை. பிள்ளை கூறியதைக் கூறியவாறே, நாளும் நேரமும் குறித்து எழுதிவைத்து, உரிய அதிகாரிகளுக்கு உடனே தெரிவிப்பதே அவர் கடமை. பின்னாளில் நிறுவனம் எதனை எப்போது அறிந்தது என்னும் வினா நீதிமன்றத்தில் எழும்போது, அக்குறிப்பு விலைமதிப்பற்ற சான்றாகலாம். நிறுவனத்தின் நற்பெயர் கருதி நாம் காக்கும் மௌனமோ, பாதிக்கப்பட்டவரின் உரிமையை நாள்தோறும் குறைத்துக்கொண்டே இருக்கும்.