கண்ணின் அழுத்தத்தை அளந்தறிவோம்

கண்மாய்க்கு வரும் நீருக்குத் தக்கபடி மதகு திறக்கப்படாவிடில் கரை என்னவாகும் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் கண்ணும் அத்தகையதொரு சிறு நீர்நிலையே. கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீர் இடைவிடாது சுரந்து, சல்லடை போன்ற நுண்ணிய வடிகால் வழியே வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. இது கண்ணீர் அன்று. கண்ணினுள்ளேயே சுரந்து வடிவது. வடிகால் தடைப்பட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, பார்வையை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பு மெல்ல மெல்லக் கெடும். இதுவே கண் நீர் அழுத்த நோய். மருத்துவர்கள் குளுக்கோமா என்பர்.

புரையன்று, வேறு நோய்

"புரை முற்றட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று முதியோர் காத்திருப்பது நம் ஊர்களில் வழக்கம். புரையால் மங்கிய பார்வை அறுவைச் சிகிச்சையால் மீளும். அழுத்த நோயால் இழந்த பார்வையோ எவ்வாற்றானும் மீளாது; எஞ்சியதைக் காக்கவே இயலும். பெரும்பாலும் வலியில்லை, சிவப்பில்லை. பக்கப் பார்வையே முதலில் குறையும். நேரே பார்க்கும் பார்வை நெடுநாள் தெளிவாயிருப்பதால், கேடு முற்றும் வரை நோயாளி அதனை உணர்வதில்லை. கரிசலில் களையெடுப்போர்க்கும், புதியம்புத்தூரில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து ஆயத்த ஆடை தைப்போர்க்கும் கண்ணே முதலாகும். அம்முதலை இழந்த பின் வருந்திப் பயனில்லை.

தென் தமிழகத்தின் மூன்று மாவட்டச் சிற்றூர்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் பரிசோதித்து, 2003-இல் முடிவினை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. அவர்களுள் பலர் தமக்கு நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். இம்மருத்துவமனையை 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்திலுள்ள அயன் வடமலாபுரத்தில் 1918-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த கரிசற்சீமையினரே ஆவார்.

அளக்கும் முறைகள் வளர்ந்த வரலாறு

19-ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் மூடிய இமையின் மேல் விரலால் அழுத்திக் கண்ணின் கடினத்தை மதிப்பிட்டனர். சைக்கிள் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காற்றுப் பார்ப்பது போன்றதே அது. விரலுக்கு விரல் கணக்கு மாறும்.

1905-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஷியோட்ஸ் ஒரு கருவி அமைத்தார். நோயாளியைப் படுக்க வைத்து, மரத்துப்போகும் சொட்டு மருந்திட்டு, சிறு எடையுள்ள தண்டினைக் கருவிழி மேல் நிறுத்துவர். தண்டு எவ்வளவு அமிழ்கிறதோ அதைக்கொண்டு அழுத்தம் அறிவர். எளிய கருவியாதலால் நெடுங்காலம் எங்கும் பயன்பட்டது.

1950-களில் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஹான்ஸ் கோல்ட்மன் வேறு வழி கண்டார். கருவிழியில் 3.06 மில்லி மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பதே அவ்வழி. இன்றளவும் பிற கருவிகளுக்கு இதுவே உரைகல். 1970-களில் கண்ணைத் தொடாது காற்றை ஊதி அளக்கும் கருவி வழக்குக்கு வந்தது. பின்னர், மெல்லிய ஊசிமுனைக் குமிழ் ஒன்று கருவிழியைத் தொட்டு மீளும் வேகத்தைக்கொண்டு அளக்கும் கைக்கருவி வந்தது. அதற்கு மரத்துப்போகும் மருந்தும் வேண்டுவதில்லை; எனவே ஊர்முகாம்களுக்கு ஏற்றது.

எனினும் ஒரு நுட்பம் உண்டு. கனத்த டயர் காற்றுக் குறைந்திருந்தும் விரலுக்குக் கடினமாய்த் தோன்றும். மெலிந்த டயர் இளகித் தோன்றும். அவ்வாறே கருவிழி தடித்தவர்க்கு அழுத்தம் கூடுதலாகவும், மெலிந்தவர்க்குக் குறைவாகவும் கருவி காட்டக்கூடும். ஆதலின் இக்காலத்தில் கருவிழியின் கனத்தையும் அளக்கின்றனர்.

ஓர் அளவே போதுமா?

பாதரச அளவில் 10 முதல் 21 மில்லி மீட்டர் வரை பொதுவாக இயல்பான அழுத்தம் எனப்படும். ஆயினும் ஒரே நாளில் இது ஏறி இறங்கும். இயல்பான அளவிலேயே நரம்பு கெடுவோரும் உளர். அளவு மிகுந்தும் கேடுறாதோரும் உளர். ஆகவே அழுத்தத்தோடு கண் நரம்பையும் பார்வைப் பரப்பையும் சோதித்தாலன்றிப் பரிசோதனை முழுமை பெறாது.

நாம் செய்ய வேண்டுவன

1. 40 வயது கடந்தோர், நீரிழிவு உள்ளோர், கண்ணில் அடிபட்டோர், குடும்பத்தில் இந்நோய் உள்ளோர் ஆகியோரின் பட்டியலை வார்டு வாரியாகத் தயாரித்தல்.

2. கண் முகாமுக்கு ஏற்பாடு செய்யுங்கால், புரையோடு அழுத்தமும் நரம்பும் பார்க்கப்படுமா என்று முன்னரே கேட்டல். அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள் நம் பகுதிக்கு உகந்தவை.

3. கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் தாமே சொட்டு மருந்து வாங்கி நெடுநாள் விடுவதைத் தடுத்தல். அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை அழுத்தத்தை உயர்த்தவல்லவை.

4. நோய் கண்டோர் சொட்டு மருந்தை நாள் தவறாது விடுகின்றனரா என்று கவனித்தல். பார்வை தெளிவாயிருக்கிறதென மருந்தை நிறுத்துவதே பலர் கண்ணைக் கெடுக்கிறது.

5. கடும் கண்வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியன திடீரெனத் தோன்றினால் அன்றே கண் மருத்துவரிடம் சேர்த்தல்.

கண்மாய்க் கரையை மழைக்கு முன்னரே பார்த்துச் செப்பனிடுவது நம் முன்னோர் கண்ட வழி. கண்ணுக்கும் அவ்வழியே சிறந்ததாகும்.