30 பவுண்டு பேஸ் கிட்டார்... 51 வருடங்கள் கழித்துத் திரும்பி வந்த கதை! - பால் மெக்கார்ட்னியின் முதல் காதல்

ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பாட்டைக் கேளுங்கள். குரலுக்கும் கிட்டாருக்கும் அடியில், நெஞ்சுக்குள் 'தும் தும்' என்று ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும். அதுதான் பேஸ் கிட்டார். இருக்கும்போது பலர் அதைக் கவனிப்பதில்லை. அதை மட்டும் எடுத்துவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

1961-ல் பீட்டில்ஸ் குழுவுக்கு அந்த நிலைதான் வந்தது. அப்போது அவர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து கிளப்களில் ராத்திரி முழுக்க வாசித்துப் பிழைத்த லிவர்பூல் பையன்கள். குழுவில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப், 'எனக்கு ஓவியம்தான் முக்கியம்' என்று விலக முடிவெடுத்தார். அவர் இடத்துக்கு யார்?

யாருக்கும் இஷ்டமில்லை. பேஸ் வாசிப்பவர் என்றால் பின்னால் ஓரமாக நிற்கும் ஆள் என்ற எண்ணம் அன்று இருந்தது. கடைசியில் அந்தப் பொறுப்பு, அதுவரை கிட்டாரும் பியானோவும் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. சட்க்ளிஃப் தன் பேஸை இரவல் கொடுத்தார். ஆனால், பால் இடது கைக்காரர். அதைத் தலைகீழாகப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. (மறுவருடமே, 21 வயதில், மூளை ரத்தக்கசிவால் சட்க்ளிஃப் இறந்துபோனது தனி சோகம்.)

கையில் 30 பவுண்டுதான்!

சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று பால் விசாரித்தபோது, எல்லோரும் ஆசைப்பட்டது அமெரிக்கத் தயாரிப்பான ஃபெண்டர். விலையோ கிட்டத்தட்ட 100 பவுண்டு. தவணையில் வாங்கலாம்தான். ஆனால், கடன் மட்டும் வாங்கவே கூடாது என்று சொல்லி வளர்த்த அப்பாவின் பிள்ளை அவர். தன்னால் முடிந்தது 30 பவுண்டு என்று முடிவுகட்டினார்.

ஹாம்பர்க்கில் இருந்த ஸ்டெயின்வே இசைக்கருவிக் கடையில் அந்த விலைக்கு ஒன்று கிடைத்தது. வயலினைப் பெரிதாக்கியது போன்ற உருவம். ஹோஃப்னர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் '500/1' மாடல். வயலின்கள் செய்து பழகிய குடும்பம், 1950-களின் நடுவில் வடிவமைத்த பேஸ் அது.

பாலுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் விலை மட்டுமில்லை. சாதாரண கிட்டாரில் ஒரு பக்கம் மட்டும் வளைத்து வெட்டியிருப்பார்கள். இடது கைக்காரர் அதைத் திருப்பிப் பிடித்தால் கோணலாகத் தெரியும். வயலின் உருவத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். இடது கையில் பிடித்தாலும் பார்க்க அசிங்கமாக இல்லை என்பதுதான் தனக்குப் பட்டது என்று பின்னாளில் பால் சொல்லியிருக்கிறார்.

வாசிக்க வாசிக்க, வேறு சில வசதிகளும் சேர்ந்தன. ஹோஃப்னரின் உடல் உள்ளே வெற்றிடம். அதனால் எடை குறைவு, மணிக்கணக்கில் தோளில் தொங்கினாலும் வலிக்காது. ஃபெண்டரில் தந்தியின் நீளம் 34 அங்குலம் என்றால் இதில் 30 அங்குலம்தான். விரல்களை அவ்வளவு விரிக்க வேண்டாம். கிட்டாரிலிருந்து பேஸுக்கு வந்த ஒருவருக்கு இது பெரிய சௌகரியம். ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்காமல், பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடும் அவரது பேஸ் பாணிக்கு இந்த லேசான கருவி தோதாக அமைந்தது.

வேனிலிருந்து மாயம்

1962-ல் வெளியான 'லவ் மி டூ', 1963-ல் வந்த முதல் ஆல்பம் என்று ஆரம்பகாலப் பதிவுகளில் ஒலிப்பது இந்த 30 பவுண்டு பேஸ்தான். 1963-ல் பாலுக்கு இன்னொரு ஹோஃப்னர் வந்தது. இன்றும் மேடைகளில் அவர் தோளில் தொங்குவது அந்த இரண்டாவது கருவி. பிறகு ஸ்டூடியோவில் வாசிக்க ரிக்கன்பேக்கர் பேஸும் சேர்ந்தது. காசுக்குக் குறைவில்லாத காலம் வந்த பிறகும் அவர் ஹோஃப்னரை விடவில்லை.

ஆனால், முதல் ஹோஃப்னர் அவரிடம் நிலைக்கவில்லை. 1972 அக்டோபரில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து அது திருடுபோனது. எங்கே போனது என்று அரை நூற்றாண்டு வரை தகவலே இல்லை.

2023 செப்டம்பரில், ஹோஃப்னரோடு தொடர்புடைய நிக் வாஸும் பத்திரிகையாளர் தம்பதி ஒருவரும் சேர்ந்து 'தி லாஸ்ட் பேஸ் ப்ராஜெக்ட்' என்ற தேடலை அறிவித்தார்கள். தகவல்கள் குவிந்தன. திருடியவர் அதை அந்தப் பகுதி மதுக்கடைக்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார். அவர் குடும்பத்துக்குள்ளேயே கைமாறி, இங்கிலாந்தின் தென்கடலோர ஊரான ஹேஸ்டிங்ஸில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. அதை வைத்திருந்தவரே முன்வந்து ஒப்படைத்தார். 'இது அசல்தான்' என்று ஹோஃப்னரும் உறுதிசெய்ய, 2024 பிப்ரவரியில் செய்தி உலகத்துக்குத் தெரிந்தது.

பல வருடம் பரணில் கிடந்ததால் பழுது பார்க்காமல் வாசிக்க முடியாத நிலை. பழுது நீங்கி, 2024 டிசம்பர் 19 அன்று லண்டன் ஓ2 அரங்கில் அது மேடையேறியது. அன்று பாலுக்கு வயது 82. அந்த பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வாசித்த பாட்டு 'கெட் பேக்'. திரும்பி வா என்று அர்த்தம்!

முதல் கருவி வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும், கூடப் போகும் பெற்றோருக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. அடுத்தவர் என்ன வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன், கடையிலேயே தோளில் மாட்டிப் பாருங்கள். விரல் எட்டுகிறதா, தோள் தாங்குகிறதா, பர்ஸ் தாங்குகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், அதுதான் உங்களுக்கான கருவி!