வளை தோண்டாத ஆமை

செல்லங்களே, "ஆமைதான் வீட்டை முதுகிலேயே சுமக்கிறதே, அதற்கு எதற்கு இன்னொரு வீடு?" என்று உங்களில் ஒரு கெட்டிக்காரர் கேட்கலாம். சபாஷ், நல்ல கேள்வி!

ஓடு ஒரு கவசம். பல்லிலிருந்தும் நகத்திலிருந்தும் காக்கும். வெயிலிலிருந்து காக்காது. நம்மைப் போல வியர்த்து உடம்பைக் குளிர வைத்துக்கொள்ள ஆமையால் முடியாது. உச்சி வெயிலில் நிழல் கிடைக்காவிட்டால் செத்தே போகும்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் கோபர் ஆமை என்று ஒன்று இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்க, முன்னங்கால்களால் மண்ணை வாரித் தள்ளி, சுமார் 4.5 மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டும். பாம்பு, தவளை, எலி, பூச்சி என்று 350-க்கும் மேற்பட்ட வகை உயிர்கள் அந்த வளைகளில் ஒண்டிக்கொள்கின்றன. அங்கே ஆமைக்கு மட்டுமல்ல, வளைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு!

இப்போது செஞ்சிக்கு வருவோம். அங்கே கோட்டை இருக்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளின் அடிவாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டைப் பாறைகள். நடுநடுவே காரை, சூரை, களாப் புதர்கள். இப்படிப்பட்ட வறண்ட முட்காடுதான் நம் நட்சத்திர ஆமைக்குப் பிடித்த இடம். கருப்பு ஓட்டில் ஒவ்வொரு சில்லின் நடுவிலும் ஒரு மஞ்சள் புள்ளி. அதிலிருந்து நாலாபுறமும் மஞ்சள் கோடுகள். காய்ந்த புல்லுக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

இந்த ஆமை வளை தோண்டாது. முட்புதர்தான் அதன் வீடு. காலையிலும் மாலையிலும் வெளியே வந்து புல், இலை, உதிர்ந்த பழம் தின்னும். வெயில் ஏறியதும் புதருக்குள் போய்விடும்.

ஆனால் தாய் ஆமை ஒரு வேலைக்கு மட்டும் தோண்டும். முட்டையிட! அதுவும் பின்னங்கால்களால். வலது காலால் ஒரு வாரல், இடது காலால் ஒரு வாரல். மண் கெட்டியாக இருந்தால்? அம்மா மாவில் தண்ணீர் தெளித்துப் பிசைவதுபோல, தன் சிறுநீரை விட்டு மண்ணை இளக்கிக்கொள்ளும். முட்டையிட்டு, மண்ணை மூடி, அடிவயிற்று ஓட்டால் தட்டி அமுக்கிவிட்டுப் போய்விடும். திரும்பிப் பார்க்காது. குஞ்சு பொரிக்க மாதக்கணக்கில் ஆகும். இன்னொரு வேடிக்கை: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடுதான் தீர்மானிக்கிறது!

இதுவரை புரிந்ததா? அப்படியானால் சொல்லுங்கள்: புதரை வெட்டித் தரையைச் சுத்தம் செய்துவிட்டால் என்ன ஆகும்? ஆமைக்கு வீடும் போச்சு, சாப்பாடும் போச்சு. செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது, நமக்குப் பெருமைதான். ஆனால் முட்காட்டை மட்டும் எல்லோரும் இன்னும் 'வெறும் பொட்டல்' என்றே சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

ஆமைக்கு அடுத்த ஆபத்து, அதன் அழகு. 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்கிறது நம் பழமொழி. வேறு சிலரோ அதிர்ஷ்டம் என்று வீட்டில் வளர்க்கிறார்கள். உண்மையில் உருப்படாமல் போவது ஆமைதான்! துணியில் சுற்றி, பெட்டிக்குள் அடுக்கி வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். அப்படிப் போனவற்றில் 51 நட்சத்திர ஆமைகள் 2018-இல் சிங்கப்பூரிலிருந்து பெங்களூருக்குத் திரும்பி வந்தன. 2019-இல் உலக நாடுகள் கூடி, காட்டில் பிடித்த நட்சத்திர ஆமையை நாடு விட்டு நாடு விற்பதற்குத் தடை போட்டன. நம் நாட்டில் இதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

யாராவது விற்பதைப் பார்த்தால் பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தெரிவியுங்கள். புதரோரம் ஆமையைக் கண்டால் தொடாமல் தள்ளி நின்று ஆசை தீரப் பாருங்கள். "ஐயோ பாவம், தண்ணீர் இல்லாமல் தவிக்கிறதே" என்று ஏரியிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். இது தரை ஆமை, கண்ணுகளா. இதற்கு நீந்தத் தெரியாது.