படக்கதை நூல்களும் நம் வீட்டுத் தமிழும்

படக்கதை என்றாலே "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்" என்று தள்ளிவிடுவோர் நம்மில் பலர். பூதிகோட்டை, பங்காரப்பேட்டை, தங்கவயல் பக்கம் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கு நான் சொல்வது வேறு. நம் பேரப்பிள்ளைகள் வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுகிறார்கள்; பள்ளியில் படிப்பதோ கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்தைக் காட்டினால் முழிக்கிறார்கள். இவர்களிடம் எடுத்தவுடன் இலக்கண நூலை நீட்டினால் ஓடிப்போவார்கள். படக்கதையில் பேச்சுக்கூண்டுக்குள் இருப்பது நாலைந்து சொற்கள், அதுவும் பெரும்பாலும் பேச்சுத் தமிழ். பாதிப் பொருளைப் படமே சொல்லிவிடும்.

படமும் எழுத்துமாகக் கதை சொல்லுதல் நமக்குப் புதிதுமல்ல. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் எம் சமணக் கோயிலின் சங்கீத மண்டப விதானத்தை அண்ணாந்து பாருங்கள். மண்டபம் 1387இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் எழுப்பியது; ஓவியங்கள் பிற்காலத்தவை. ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் வரலாறுகள் பட்டை பட்டையாக ஓடும். கீழே விளக்க எழுத்துகள். டி.என். இராமச்சந்திரன் 1934இல் இக்கோயில் பற்றித் தனி நூலே எழுதினார். கழுத்து வலிக்கும் என்பதைத் தவிர, காமிக்ஸுக்கும் இதற்கும் பெரிய பேதம் எனக்குத் தெரியவில்லை!

அச்சில் வந்தவற்றில் சிவகாசியை மறக்க முடியாது. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ். இடையில் தளர்ந்து, 2012இல் புத்துயிர் பெற்று, இப்போது ஐரோப்பியப் படைப்புகளைத் தமிழில் தருகிறார்கள். அவற்றுள் 'நிஜங்களின் நிசப்தம்' என்ற கிராஃபிக் நாவல் பெரியவர்கள் படிக்கவேண்டியது. பிரெஞ்சு ஓவியர் மனு லார்செனே வரைந்தது, முழுக்கக் கறுப்பு வெள்ளை. போருக்குப்பின் ஒரு மலைக்கிராமத்துக்கு வந்த அயலான், ஊராரின் முகங்களை உள்ளது உள்ளபடி வரைகிறான். ஊரே கூடி அவனைக் கொன்றுவிடுகிறது. பக்கம் பக்கமாகப் பேச்சே இல்லாமல் பனியும் மரமும்தான். அயலூரில் பிழைக்க வந்த நமக்கு அந்த மௌனம் உறைக்கும்.

விடியல் பதிப்பகம் இரண்டு பாகமாக வெளியிட்ட 'ஈரான்', மர்ஜானே சத்ரபியின் சொந்தக் கதை. 1979 புரட்சிக்குப்பின் பள்ளியில் திடீரென முக்காடு போடச் சொன்னால் பத்து வயதுப் பெண் என்ன நினைப்பாள் என்று அவளே சொல்கிறாள். படம் எளிமை, விஷயம் கனம்.

ஆயினும் ஒன்றே ஒன்று வாங்குவதானால் காலச்சுவடு வெளியீடான 'பீமாயணம்' வாங்குங்கள் என்பேன். அம்பேத்கரின் வாழ்க்கையை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியத் தம்பதியர் வரைந்தது. ஆங்கில மூலம் 2011இல் வந்தது. 1901இல் தகப்பனாரைப் பார்க்கப் புறப்பட்ட சிறுவன் பீம், சாதி தெரிந்ததும் வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றாமல் தவிக்கிறான்; இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டியைத் தாங்களே ஓட்டவேண்டும், வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடையாது. இதில் கட்டம் கட்டமாகப் பிரிப்பதே இல்லை. நல்ல சொல்லுக்குப் பறவை வடிவக் கூண்டு, கொட்டும் சொல்லுக்குத் தேள் கொடுக்கு வைத்த கூண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூட யார் நல்லவர், யார் கொட்டுகிறவர் என்று கண்டுகொள்ளும். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் அம்பேத்கர் படம் மாட்டாத வீடு குறைவு. படத்துக்குப் பின்னுள்ள கதை பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

விலை சற்றுக் கூடுதல்தான். வியாபாரி என்பதால் சொல்கிறேன், நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பிரதி வாங்கிச் சுற்றில் விடலாம். நம்மூர்க் கடைகளில் தேடி அலையாமல் பதிப்பகத்துக்கே எழுதித் தபாலில் வரவழைப்பது உத்தமம். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெரியவர் ஒரு கூண்டு, பிள்ளை ஒரு கூண்டு என்று மாற்றி மாற்றி வாய்விட்டுப் படியுங்கள். 'பீமாயணம்' முதலில், 'ஈரான்' பன்னிரண்டு வயதுக்கு மேல், 'நிஜங்களின் நிசப்தம்' பிள்ளைகள் தூங்கிய பிறகு.