கம்பி திருடி என்ன லாபம்?

2024 டிசம்பர் 5-ஆம் தேதியை, துவாரகாவிலிருந்தும் கரோல்பாகிலிருந்தும் அலுவலகம் கிளம்பிய நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மோதி நகருக்கும் கீர்த்தி நகருக்கும் இடையே யாரோ கேபிளைத் திருடிவிட, மெட்ரோவின் நீலப் பாதையில் ரயில்கள் ஊர்ந்து சென்றன. இரவு சேவை முடிந்த பிறகே பழுது பார்க்க முடியும் என்று அறிவித்தார்கள்.

இதில் திருடனுக்கு மிஞ்சுவது கபாடிக் கடை விலைதான். பணயம் வைப்பதோ உயிரை. மெட்ரோ ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை, மிக அருகே போனாலே மின்சாரம் தாவிவிடும். 'கரண்ட் இல்லாத நேரம்' என்று நம்பி ஏறுவதும் ஆபத்து. யார் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தாவது கம்பிக்குள் மின்சாரம் திரும்பி வரலாம்.

தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பியை வெட்டினால் நம் வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வரைகூட வந்து, டி.வி.யும் ஃப்ரிட்ஜும் கருகலாம்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின்படி, மின்கம்பி திருடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை. திருட்டு என்று தெரிந்தே வாங்குபவருக்கும் 137-ஆம் பிரிவின்படி அதே தண்டனை. விற்க இடமில்லை என்றால் திருட்டும் குறையும்.

அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால், குழந்தைகளை அண்டவிடாமல் தள்ளி நின்று 112-க்குத் தெரிவியுங்கள்.